அகராதி செய்தவரின் கொடிவழி

புணே நகரின் வடகிழக்கே லோஹேகாவ் என்னும் ஊர் இருக்கிறது. மராத்திய மக்களுக்கு அது ஞானி துகாராமின் தாயார் பிறந்த ஊர். துகாராம் அங்கு வந்து கீர்த்தனம் செய்தார் என்பது வார்க்கரி அடியார்களின் மரபு. ஏனையோருக்கு அது விமானத் தளம். 1939-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற அத்தளத்தை ஒட்டியே இன்று பயணிகள் விமான நிலையமும் இயங்குகிறது. விமானப் படையில் பணியாற்ற வந்தவர், தொழிற்சாலைகளை நாடி வந்தவர், கணிப்பொறித் தொழிலுக்கு வந்தவர் எனத் தமிழ்க் குடும்பங்கள் பல அப்பக்கத்தில் குடியேறியிருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அங்கிருந்து அமெரிக்காவிற்குப் போவதும் இன்று புதுமையன்று.

அப்படிப் போகின்ற ஒருவர் அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் இறங்குவாரானால், அவர் பெரும்பாலும் கால் வைப்பது டல்லஸ் விமான நிலையத்தில். (டெக்ஸாஸ் மாநிலத்து டல்லஸ் நகரம் வேறு, ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு. தமிழில் எழுதும்பொழுதுதான் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன.) 1962-ஆம் ஆண்டு நவம்பரில் ஜனாதிபதி கென்னடி தொடங்கி வைத்த அந்நிலையம், 1953 முதல் 1959 வரை அமெரிக்க அயல்நாட்டு அமைச்சராக இருந்த ஜான் பாஸ்டர் டல்லஸின் பெயரைத் தாங்குவது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு நான்கு தலைமுறை பின்னோக்கி நடந்தால் நாம் சென்று சேரும் இடம் யாழ்ப்பாணத்து உடுவில் கிராமம், அங்கிருந்து சென்னை. நம்மிற் பலர் வீட்டில் இல்லாவிடினும் நூல்நிலையத்தில் கண்டிருக்கக்கூடிய ஒரு பெரிய தமிழ் அகராதி அவ்வழியில் நம்மை எதிர்கொள்ளும்.

குடும்ப வரலாற்றை ஆராய்கிறவர்களுக்கு முதல் விதி ஒன்றுண்டு. புகழ்பெற்ற முன்னோர் ஒருவரை முதலில் பிடித்துக்கொண்டு, அவரிடமிருந்து நம்மை நோக்கிக் கோடு இழுக்கக் கூடாது. தெரிந்த மனிதரிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாக, ஒவ்வொரு படிக்கும் சான்று கேட்டு மேலே ஏற வேண்டும். டல்லஸ் குடும்பத்தில் அப்படி ஏறிப் பார்ப்போம்.

ஜான் பாஸ்டர் டல்லஸ் 1888-இல் பிறந்தார். அவருடைய தம்பி ஆலன் வெல்ஷ் டல்லஸ் 1893-இல் பிறந்தார். அமெரிக்க மைய உளவுத் துறைக்கு 1953 முதல் 1961 வரை தலைவராக இருந்தவர் அவர். தங்கை எலினார் பொருளாதார அறிஞர். இவர்களுடைய தந்தையார் ஆலன் மேஸி டல்லஸ், நியூயார்க் மாநிலத்தில் பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகர். தாயார் ஈடித் பாஸ்டரோ, ஜனாதிபதி ஹாரிசன் காலத்தில் அயல்நாட்டு அமைச்சராக இருந்த ஜான் வாட்ஸன் பாஸ்டரின் மகள். பேரனுக்குப் பதவியின் வாசனை தாய்வழியாக வந்தது என்று எழுதுவோர் எல்லாரும் இத்துடன் நின்றுவிடுகின்றனர். நமக்கு வேண்டியது தந்தைவழி.

ஆலன் மேஸி 1854-இல் பிலடெல்பியாவில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஜான் வெல்ஷ் டல்லஸ், யேல் கல்லூரியில் பயின்றவர். 1848-இல் மிஷனரியாகச் சென்னைக்கு வந்தார். உடல்நலங் குன்றி 1853-இல் தாயகம் திரும்பினார். சென்னை, நீலகிரி, கல்கத்தா ஆகிய இடங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவருடைய மனைவி ஹாரியட் லேத்ராப் வின்ஸ்லோ. அந்த அம்மையார் பிறந்தது பிலடெல்பியாவிலன்று, பாஸ்டனிலுமன்று. 1829-இல் யாழ்ப்பாணத்து உடுவிலில். அவரைப் பெற்றவர் மைரன் வின்ஸ்லோ. 1862-இல் சென்னையில் அச்சாகி வெளிவந்த தமிழ் ஆங்கில அகராதிக்கு ஆசிரியர் அவரே.

ஆகவே ஜான் பாஸ்டர் டல்லஸுக்குத் தந்தையைப் பெற்ற பாட்டியின் தகப்பனார் வின்ஸ்லோ. நம் வழக்கில் அவரைப் பூட்டன் என்போம். ஆங்கிலத்தில் இவ்வுறவை ஒரு பொதுப் பெயரால் சொல்லிவிடுவார்கள். அது தாய்வழியா தந்தைவழியா என்பது அப்பெயரில் விளங்காது. பழைய ஆங்கிலக் கடிதங்களை வைத்துக்கொண்டு வமிச விருட்சம் எழுதுகிறவர்களுக்கு இது பெருந்தொல்லை. ‘கஸின்’ என்று ஒருவரைக் குறித்திருந்தால் அவர் மாமன் மகனா, அத்தை மகனா, சிற்றப்பன் மகனா, பெரியம்மாள் மகனா என்று வேறு சான்று கொண்டுதான் தெளிய வேண்டும். தமிழில் எழுதப்பட்ட ஒரு கலியாணப் பத்திரிகை அவ்வளவையும் ஒரே வரியில் சொல்லிவிடும். தமிழ் உறவுப் பெயர்களைப் பொருள் பிரித்து ஆங்கிலேயர்க்கு விளங்க வைத்த அகராதிக்காரரின் குடும்பத்தையே ஆங்கில உறவுப் பெயர்களை வைத்துத் தேட வேண்டியிருக்கிறது.

இனி அந்த மூதாதையைப் பார்ப்போம். மைரன் வின்ஸ்லோ 1789-ஆம் ஆண்டு டிசம்பரில் வெர்மாண்ட் மாநிலத்து வில்லிஸ்டன் என்னும் ஊரில் பிறந்தார். மிடில்பரி கல்லூரியிலும் ஆண்டோவர் சமயக் கல்லூரியிலும் பயின்றார். 1819-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘இண்டஸ்’ என்ற பாய்க்கப்பலில் அவரும், லீவை ஸ்பால்டிங், ஹென்றி உட்வர்ட், மருத்துவர் ஜான் ஸ்கடர் ஆகியோரும் மனைவியருடன் புறப்பட்டனர். கல்கத்தாவைத் தொட்டு இலங்கைக்கு வந்தனர். வேலூரில் மாபெரும் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் அந்த ஜான் ஸ்கடரின் பேத்தி. ஒரே கப்பலில் வந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று தமிழ் நாட்டிலேயே தலைமுறை தலைமுறையாகத் தங்கியது. மற்றொன்று திரும்பிச் சென்று உலக அரசியலில் பெயர் பெற்றது.

அவர்கள் இந்தியாவிற்கு வராமல் இலங்கைக்கு ஏன் போனார்கள் என்ற கேள்வி எழலாம். கிழக்கிந்தியக் கம்பெனியார் அக்காலத்தில் அமெரிக்க மிஷனரிகளை விரும்பி வரவேற்றவரல்லர். இலங்கையோ கம்பெனியின் கையில் இல்லாமல் நேரே பிரிட்டிஷ் அரசின் குடியேற்ற நாடாக இருந்தது. ஆதலின் 1816 முதல் அமெரிக்கர் யாழ்ப்பாணத்தில் இடம் பெற்றனர். ஆயினும் 1820-இல் இலங்கை ஆட்சியாளரும் கதவை அடைத்தனர். புதிதாக எவரும் வரலாகாது என்று தடை விதித்தனர். 1833-இல் கம்பெனியின் சாசனம் திருத்தப்பட்டு இந்தியா திறந்துவிடப்படும் காலத்தை ஒட்டியே அத்தடையும் நீங்கியது. குடும்ப வரலாறு தேடுவோர்க்கு இந்த ஆண்டுகள் மிகவும் பயன்படும். 1825-இல் என் பாட்டனார் யாழ்ப்பாணத்துக்கு மிஷனரியாக வந்தார் என்று ஓர் அமெரிக்கக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்தால், அக்கதையை ஒன்றுக்கு இரண்டு முறை சோதிக்க வேண்டும்.

வின்ஸ்லோவின் முதல் மனைவி ஹாரியட் வாட்ஸ்வொர்த் லேத்ராப், கனெக்டிகட் மாநிலத்து நார்விச் நகரத்துப் பெண். 1796-இல் பிறந்தவர், கப்பலேறிய அதே ஆண்டின் தொடக்கத்தில் மணம் செய்துகொண்டவர். உடுவிலில் 1824-இல் பெண்களுக்காக ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கி நடத்தியவர் அவர். அப்பள்ளி இன்றும் உடுவில் மகளிர் கல்லூரி என்ற பெயரில் நடைபெறுகிறது. புணேயில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் பிடே வாடாவில் பெண்கள் பள்ளியைத் திறந்தது 1848-இல். சாவித்திரிபாய் ஆசிரியப் பயிற்சி பெற்றதாகச் சொல்லப்படும் அஹமத்நகர்ப் பள்ளியை நடத்திய சிந்தியா பாரர் அம்மையாரும் இதே அமெரிக்க மிஷன் சங்கத்தைச் சேர்ந்தவர். உடுவிலும் அஹமத்நகரும் ஒரே அலுவலகத்துக்கு, பாஸ்டன் நகரத்துக்கு, அறிக்கை எழுதிக்கொண்டிருந்தன என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

ஹாரியட் அம்மையார் 1833-ஆம் ஆண்டு ஜனவரியில் உடுவிலில் காலமானார். முப்பத்தாறு வயதுதான். அதற்கு முன்பே அவருடைய மகன் சார்ல்ஸ், கல்விக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவன், அங்கே சிறுவனாகவே இறந்துவிட்டான். பெற்ற பிள்ளைகளைக் குறித்த வயதில் கப்பலேற்றிவிட்டு, மீண்டும் காண்போமா என்று தெரியாமல் கரையில் நிற்பது அக்கால மிஷனரித் தாய்மாரின் வழக்கமான துயரம். அம்மையாரின் தங்கையர் மூவரும் பின்னர் மிஷனரிகளை மணந்து இப்பக்கம் வந்தனர். நார்விச் நகரத்து ஒரு வீட்டின் நான்கு பெண்கள் தமிழ் பேசும் நாட்டிற்கு வாழ்க்கைப்பட்டனர் என்று நம் வழக்கிலே சொல்லலாம். மனைவியை இழந்த வின்ஸ்லோ குழந்தைகளை அமெரிக்காவில் விட்டு வரச் சென்றார். அக்குழந்தைகளுள் ஒருத்திதான், பதினைந்து ஆண்டுகள் கழித்து ஜான் வெல்ஷ் டல்லஸின் மனைவியாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிய ஹாரியட்.

வின்ஸ்லோ அதன் பிறகு நான்கு முறை மணம் புரிந்தார். காய்ச்சலும் பேதியும் மலிந்த காலத்தில் இது வியப்பன்று. ஆனால் வமிச விருட்சம் வரைகிறவர் இங்கே நிதானிக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தையும் எந்தத் தாயின் வயிற்றில் பிறந்தது என்பதை, பிறந்த ஆண்டையும் தாய் இறந்த ஆண்டையும் ஒப்பிட்டுத்தான் நிச்சயிக்க முடியும். டல்லஸ் குடும்பத்துப் பாட்டி 1829-இல் பிறந்தவர். முதல் மனைவி இறந்தது 1833. எனவே அவர் முதல் மனைவியின் மகளே என்பதில் ஐயமில்லை. லேத்ராப் என்ற தாய்வீட்டுப் பெயரை அவருக்கு நடுப்பெயராக இட்டிருப்பதும் துணைச்சான்று. நியூ இங்கிலாந்துக்காரர்கள் தாயின் குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு நடுப்பெயராக வைப்பது பெருவழக்கு. ஆராய்ச்சியாளருக்கு இதைவிடப் பெரிய உபகாரத்தை எந்தப் பெற்றோரும் செய்துவிட முடியாது.

எழுத்துக்கூட்டலோ இதற்கு நேர்மாறான அபகாரம். லேத்ராப் என்ற பெயரையே பழைய ஏடுகளில் லோத்ராப் என்றும் லேத்ரப் என்றும் பலவாறு எழுதியிருக்கின்றனர். அக்குடும்பத்தின் வரலாற்றை 1884-இல் நூலாக்கியவர் இரண்டு எழுத்துமுறைகளையும் தலைப்பிலேயே சேர்த்துவிட்டார். ஊர்ப் பெயர்கள் இன்னும் மோசம். அமெரிக்காவில் இருந்துகொண்டு தன் மூதாதை ‘பட்டிக்கோட்டா’வில் வாழ்ந்தார், ‘ஊடூவில்’லில் அடக்கமானார், ‘மனீப்பி’யில் அச்சுக்கூடம் நடத்தினார், ‘டில்லிப்பல்லி’யில் பள்ளி வைத்தார் என்று படிக்கிறவர் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு திகைத்துப் போவார். வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய், தெல்லிப்பழை என்று வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தாலே தமிழனுக்கு அவை விளங்கிவிடும். இத்தகைய ஆராய்ச்சியில் தமிழ் தெரிந்தவருக்கு உள்ள வாய்ப்பு அமெரிக்கப் பேராசிரியருக்குக் கூட இல்லை.

பெயரை மட்டும் நம்பினால் வரும் ஆபத்துக்கு யாழ்ப்பாணமே நல்ல எடுத்துக்காட்டுத் தருகிறது. மிஷன் பள்ளிகளில் படித்த பிள்ளைகளின் செலவுக்காக அமெரிக்காவில் இருந்த நன்கொடையாளர் ஆண்டுதோறும் சிறு தொகை அனுப்புவர். பணம் தந்தவர் தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு இடச் செய்வதும் உண்டு. இறந்துபோன தம் குழந்தையின் பெயராக இருக்கலாம், மதிப்புக்குரிய போதகரின் பெயராக இருக்கலாம். இப்படித்தான் தமிழ்ச் சிறுவர்கள் நெவின்ஸ் ஆயினர், கறல் ஆயினர், ஆர்னல்ட் ஆயினர். நியாய இலக்கணம் என்ற தர்க்க நூலை எழுதியவர் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. 1886-இல் பாவலர் சரித்திர தீபகம் என்று தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தந்தவர் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவர். ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை, மற்றவர் பிற்காலத்தில் கலித்தொகை முதலியவற்றைப் பதிப்பித்துத் தமிழ் வாழச் செய்த சி. வை. தாமோதரம்பிள்ளை. வட்டுக்கோட்டைக் குருமடத்தின் மாணவர் இவர்கள்.

இன்று யாழ்ப்பாணத்திலோ கனடாவிலோ வாழும் ஒரு குடும்பம் ஓர் அமெரிக்கப் பெயரைத் தாங்கியிருந்தால், அதைக் கொண்டு தமக்கு அமெரிக்க இரத்தம் உண்டென்று எண்ணிவிடலாகாது. அப்பெயரின் பின்னால் இருப்பது பெரும்பாலும் மசாசூசெட்ஸிலோ நியூயார்க்கிலோ இருந்த ஒரு மாதர் சங்கத்தின் உண்டியல். பெயர் கொடுத்தவரும் பெயர் பெற்றவரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. இதில் பெருந்தன்மையும் உண்டு, பிறர் பிள்ளைக்குத் தம் பெயரைச் சூட்டிப் பார்க்கும் ஆதிக்க மனப்பான்மையும் உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

சான்றுகள் எங்கே கிடைக்கும்? பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கர் ஒருவரைத் தேடுவதில் வசதியும் உண்டு, இடர்ப்பாடும் உண்டு. நியூ இங்கிலாந்து ஊர்களில் பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றை ஊர் எழுத்தரே ஏட்டில் பதிந்து வந்தார். கல்லூரிகள் தம் மாணவர் பட்டியலை வாழ்க்கைக் குறிப்புடன் வெளியிட்டன. குடும்ப வரலாற்றுக்கென்றே பாஸ்டனில் ஒரு கழகம் 1845-இல் தோன்றியது. அமெரிக்கக் குடிமதிப்பு 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. ஆனால் 1850 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது, மனைவி மக்களெல்லாம் வெறும் எண்ணிக்கை. 1850-இல்தான் சுதந்திர மக்கள் ஒவ்வொருவரின் பெயரும் ஏறியது. அடிமைகளுக்கு அப்பொழுதும் பெயரில்லை. உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயதும் ஆணா பெண்ணா என்பதும் மட்டும் எழுதினர். நீக்ரோ மக்கள் தம் பாட்டன்மாரைத் தேடும்பொழுது இச்சுவரில்தான் முட்டிக்கொள்கின்றனர். 1890-ஆம் ஆண்டின் குடிமதிப்போ 1921-இல் நேர்ந்த தீயில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று.

மிஷனரிகள் விஷயத்தில் அமெரிக்கச் சங்கத்தின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து ஹௌட்டன் நூலகத்தில் பேணப்பட்டு வருகின்றன. கம்பெனி ஆட்சியில் சென்னை, பம்பாய், வங்காள மாகாணங்களில் நடந்த ஞானஸ்நானம், மணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவுகளை லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் காணலாம். இலங்கை அவற்றில் சேராது. அக்குறையை நிரப்புவன கல்லறைகள். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் திரட்டி 1905-இல் வெளியிட்டார், ஜே. பி. லூயிஸ் இலங்கைக் கல்லறைகளுக்கு அவ்வாறே 1913-இல் ஒரு தொகுதி செய்தார். காட்டனும் லூயிஸும் கண்ட எழுத்துக்களுள் மழையும் வெயிலும் போக்கியவை இன்று பல. ஆகையால் நேரில் சென்று காண்பதைவிட அந்நூல்களைப் பார்ப்பதே சில சமயங்களில் நல்லது.

வின்ஸ்லோவிடம் திரும்புவோம். 1836-இல் அவரும் ஸ்கடரும் சென்னைக்கு மாறினர். அங்கே மிஷன் அச்சகம் பி. ஆர். ஹண்ட் என்பவர் மேற்பார்வையில் அழகிய தமிழ் எழுத்துக்களை வார்த்தது. யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் என்ற ஆங்கிலப் பாதிரியார் தொடங்கி வைத்துப் பலர் கைமாறி வந்த சொல்தொகுதி வின்ஸ்லோவிடம் சேர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பில் அது 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அகராதியாயிற்று. செந்தமிழும் கொடுந்தமிழும் இரண்டும் அதில் இடம் பெற்றன; வானநூல், மருத்துவம், புராணம் ஆகிய துறைச் சொற்களும் ஏறின. மராத்தியில் மோல்ஸ்வொர்த் அகராதியின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது 1857-இல். நம் அகராதி ஐந்தாண்டு இளையது. பின்னர் 1913-இல் சென்னையில் தமிழ்ப் பேரகராதி வேலை தொடங்கியபொழுது அதற்கு முதல் ஆசிரியராக அமர்ந்த ஜே. எஸ். சாண்ட்லரும் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவரே. வின்ஸ்லோ அகராதியைப் புதுக்கி விரிப்பது என்ற எண்ணத்திலிருந்துதான் அப்பெருவேலை எழுந்தது.

அகராதியின் முகப்பில் வின்ஸ்லோ பெயர் மட்டுமே பெரிய எழுத்தில் நிற்கிறது. உண்மையில் சொற்களுக்குப் பொருள் உரைத்தோர் தமிழ்ப் புலவர்கள். சென்னையில் இராமாநுசக் கவிராயரும் விசாகப்பெருமாளையரும் அவருக்குத் துணைநின்றனர். யாழ்ப்பாணத்துப் பண்டிதர் பலரின் உழைப்பு அடித்தளத்தில் இருக்கிறது. வின்ஸ்லோவும் அவர்களுக்கு நன்றி கூறத் தவறவில்லை. ஆனால் வின்ஸ்லோவின் பூட்டப்பிள்ளை யார், எங்கே பிறந்தார், என்ன படித்தார் என்பதை நாம் நாள் கணக்கோடு சொல்ல முடிகிறது. அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த புலவர் பெருமக்களின் பேரர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடிவதில்லை. அகராதியின் இரு கரைகளில் ஒன்றில் பதிவேடுகள் மலைபோல் குவிந்திருக்க, மற்றொன்றில் ஏட்டுச்சுவடி செல்லரித்துக் கிடக்கிறது. பெரியவர் சிறியவர் என்ற காரணத்தால் வந்த வேறுபாடன்று இது. ஒரு நாட்டில் ஊர் எழுத்தரும் கல்லூரியும் சங்கமும் எழுதி வைத்தன. மற்றொரு நாட்டில் அவ்வேலை வீட்டுப் பெரியவர்களின் நினைவுக்கு விடப்பட்டது.

பூட்டப்பிள்ளைகள் இந்தியாவை அறவே மறந்தவரல்லர். ஆலன் டல்லஸ் 1914-இல் பிரின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றதும் அலஹாபாத்துக்கு வந்து ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். ஜான் பாஸ்டர் 1953-இலும் 1956-இலும் புதுதில்லிக்கு வந்து பிரதமர் நேருவுடன் உரையாடினார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது உலகறிந்த செய்தி. எந்த அணியிலும் சேராமல் நிற்பது பெரும்பாலும் ஒழுக்கக்கேடு என்ற கருத்துப்பட அவர் 1956-இல் பேசிய பேச்சு இந்தியாவில் நெடுநாள் கசந்தது. மிஷனரிக் குடும்பத்தின் நன்மை தீமைப் பாகுபாட்டை அப்படியே அரசியலுக்குக் கொண்டுவந்தார் என்று சிலர் அதற்குக் காரணம் கூறுவர். எனக்கு அது முழுமையான விளக்கமாகத் தோன்றவில்லை. அதே குடும்பத்தின் அதே பூட்டன், தம் கொள்கைக்கு மாறான சைவ வைணவப் புலவர்களோடு இருபதாண்டுகள் அருகமர்ந்து சொல் ஆராய்ந்தவரன்றோ? முன்னோரின் குணம் பின்னோர்க்கு இறங்குகிறது என்ற விதியைக் குடும்ப வரலாறு அவ்வளவு எளிதில் மெய்ப்பிப்பதில்லை. ஜான் பாஸ்டரின் மகன் ஏவரி டல்லஸ் கத்தோலிக்கராகி, 2001-இல் கார்டினல் பட்டம் பெற்றார். உறுதி மிக்க புராட்டஸ்டண்டு பூட்டன்மார் அதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பரோ!

புணேயில் வாழும் நேயர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குடும்ப வரலாற்றைக் கல்லில் வெட்டி வைத்த ஒரு மராத்தியக் குடும்பத்தை நாம் நன்கறிவோம். தஞ்சைப் பெரிய கோயிலின் சுற்றுச் சுவரில் 1803-இல் சரபோஜி மன்னர் போன்ஸ்லே வமிசத்தின் கதையை மராத்தி மொழியில் பொறிக்கச் செய்தார். தாயகத்திலிருந்து விலகி ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் தமிழ் நாட்டில் வாழ்ந்துவிட்ட குடும்பம் அது. பிறந்த மண்ணில் இருந்தவர்க்கு அந்தக் கவலை அவ்வளவு இல்லை. வெளியூர் போனவருக்கே வமிசம் எழுதும் ஆவல் மிகுகிறது. நாசிக், திரியம்பகேசுவரம் போன்ற தலங்களில் தீர்த்த புரோகிதர்கள் யாத்திரிகர் குடும்பங்களின் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாக வஹிகளில் எழுதி வைத்திருக்கின்றனர். அங்கு சென்று தம் பாட்டனார் கையெழுத்தைக் கண்டவர் உண்டு.

தமிழர்க்கு அத்தகைய ஏடு அரிது. நமக்குள்ள முதல் தடயம் குலதெய்வம். எந்த ஊரில் எந்தச் சாமிக்கு முதல் முடி இறக்குகிறார்கள் என்று கேட்டால், குடும்பம் புறப்பட்ட கிராமம் அகப்பட்டுவிடும். அங்கே பங்காளிகள் இருப்பர். நிலத்தின் பட்டாவிலும் பழைய கிரயப் பத்திரத்திலும் தந்தை பெயர் பாட்டன் பெயர் இருக்கும். இரண்டாவது தடயம் பெயருக்கு முன் நிற்கும் முதலெழுத்து. முற்காலத்தில் ஊருக்கு ஓர் எழுத்து, தந்தைக்கு ஓர் எழுத்து. இந்த இரண்டாவது தடயம் மஹாராஷ்டிரத்தில் சிதைந்து போகிறது. இங்குள்ள பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் குடும்பப் பெயர் முதலில், தன் பெயர் அடுத்து, தந்தை பெயர் கடைசியில் என்று மூன்று கட்டங்களை நிரப்பச் சொல்வர். தமிழருக்குக் குடும்பப் பெயர் ஏது? ஒருவர் தந்தையின் பெயரை அக்கட்டத்தில் எழுதுவார். அவருடைய தம்பி ஊர்ப் பெயரை எழுதுவார். மூன்றாமவர் சாதிப் பட்டத்தை எழுதுவார். உடன்பிறந்தார் மூவருக்கு மூன்று குடும்பப் பெயர்கள். பிறகு தந்தையின் பெயரைக் கொண்டவருடைய பேரன், தன் கொள்ளுப்பாட்டனின் இயற்பெயரைக் குலப்பெயர் என்று எண்ணிக்கொண்டு கடவுச்சீட்டு வாங்கி லோஹேகாவில் விமானம் ஏறுகிறான். நூறாண்டு கழித்து அமெரிக்காவிலே அவன் வழித்தோன்றல் ஒருவர் அப்பெயரை வைத்துத் தேடினால், யாழ்ப்பாணத்து ‘நெவின்ஸ்’ பெயரைத் தேடியவர் நின்ற அதே முட்டுச்சந்தில் நிற்பார்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஊர், வட்டம், குலதெய்வம், ஆண் பெண் இருபாலாரின் இயற்பெயர், எந்தக் கட்டத்தில் எந்தப் பெயரை எப்பொழுது எழுதினோம் என்ற விவரம் ஆகியவற்றைத் தமிழில் எழுதி வைப்பவருக்கு இரண்டு மாலைப் பொழுதுக்கு மேல் ஆகாது. பெண்களின் தாய்வீட்டையும் எழுத வேண்டும். டல்லஸ் குடும்பத்துக்கும் உடுவிலுக்கும் உள்ள தொடர்பு முழுவதும் ஒரு பெண்ணின் வழியாகவே செல்கிறது. தந்தைவழிப் பெயரை மட்டும் பின்தொடர்ந்தவர் டல்லஸ் என்ற பெயரோடு பிலடெல்பியாவுக்கும் சார்ல்ஸ்டனுக்கும் அயர்லாந்துக்கும் போய்ச் சேர்வார். தமிழ் நாட்டுப் பக்கம் திரும்பவே மாட்டார்.

வின்ஸ்லோ அகராதி வெளிவந்து இரண்டாண்டில், முதுமையும் நோயும் வருத்த, தாயகத்துக்குக் கப்பலேறினார். கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையை அடைந்தபொழுது உடல் தாங்கவில்லை. 1864-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் நன்னம்பிக்கை முனையில் அவர் உயிர் நீத்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1855 ஜனவரியில், அவருடன் ‘இண்டஸ்’ கப்பலில் வந்த ஜான் ஸ்கடரும் அதே நாட்டிலேதான் இறந்திருந்தார். பாஸ்டனில் ஒன்றாகக் கப்பலேறிய இருவரும் பாதி வழியில், இரு நாட்டுக்கும் அப்பாற்பட்ட ஒரு மண்ணில் அடக்கமாயினர். வின்ஸ்லோவின் மகள் வயிற்றுப் பேரன் ஆலன் மேஸிக்கு அப்பொழுது ஏறத்தாழப் பத்து வயது.